சவுனா வாசலில் மைனஸ் நாற்பது

கம்ப்யூட்டருக்கு ஒரு ஃப்ரிட்ஜ் செய்து கொடு என்று கணவன் ரைமோ கேட்டபோது, இந்த மனிதனுக்குக் கடைசியில் மறை கழன்றேவிட்டது என்றுதான் ஹெல்யா நினைத்தாள்.

அவன் பகலெல்லாம் நடமாடும் நூலக வண்டியை ஓட்டிக்கொண்டு தம்பெரே நகரத்தின் ஓரப் பகுதிகளைச் சுற்றி வருகிறவன். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். செய்தவர்கள் அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் விரட்டிவிட வேண்டும் என்று அப்படியொரு வெறி. விரட்ட விரட்ட உள்ளே இருக்கிற ப்ராசஸர் கொதிக்கும், கொதித்தால் திரை கறுத்துவிடும். அதைக் குளிர்விக்க அவன் ஆடாத கூத்தில்லை. ஒரு ஜனவரியில் பெட்டியைத் தூக்கிக் கொல்லைப் பனியில் வைத்துவிட்டு, ஜன்னல் இடுக்கு வழியாக ஒயர்களை உள்ளே இழுத்து, தொப்பியும் கையுறையுமாக வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தான். வீடே விறைத்துப் போயிருந்தது. ஹெல்யா நேராகப் போய் ஜன்னலைச் சாத்தினாள். இரண்டு ஒயர்கள் அறுந்தன.

ஆனால் இந்த முறை அவன் கேட்டது கம்ப்யூட்டருக்காக மட்டும் இல்லை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கடைகளில் உறைய வைத்த பண்டங்களை வைக்கிற பெரிய பெட்டிகளைச் செய்யும் தொழிற்சாலையில் ஹெல்யா குழாய் ஒட்டுபவளாக இருந்தாள். செம்புக் குழாய்கள் சேருகிற இடத்தில் தீயைக் காட்டி, வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஓடவிட்டு, மூட்டு போடுவது அவள் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு போய்ச் சேர்ந்தவள். போன அக்டோபரில் முதலாளிகள் தொழிற்சாலையை மூட்டை கட்டிக்கொண்டு கூலி குறைவான வேறொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசி நாளில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். ஹெல்யா அதைத் தின்னாமல் பேருந்து நிறுத்தத்துப் பறவைகளுக்குப் போட்டாள்.

அன்றிலிருந்து சோஃபாதான். வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். 'உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்' என்றார்கள். காபி இடைவேளையில் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னைப் பத்தி என்னத்த எழுதுறது? குழாய ஒட்டுவேன், ஒழுகாது. இத எப்படி ஒரு பக்கத்துக்கு இழுக்குறது?" என்று ரைமோவிடம் கேட்டாள். அதற்கு அடுத்த வாரம்தான் அந்த ஃப்ரிட்ஜ் பேச்சை எடுத்தான்.

முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் வேலைக்குப் போன பிறகு, சாமான் அறையில் கிடந்த பழைய ஈரம் உறிஞ்சும் எந்திரத்தைப் பிரித்து அதன் கம்ப்ரஸரை வெளியே எடுத்தாள். சும்மா பார்க்கத்தான் எடுத்தாளாம். அவன் சாயங்காலம் திரும்பி வந்தபோது சமையலறை மேசை முழுக்கச் செம்புக் குழாய், நடுவில் ஹெல்யா, முகத்தில் கரி. ரைமோ சாப்பாடு எங்கே என்று கேட்கவில்லை. புத்திசாலி.

விஷயம் ஃப்ரிட்ஜ் விஷயம்தான். கம்ப்ரஸர் வாயுவை நெருக்கி நீர்மமாக்கும். அந்த நீர்மம் முடி மாதிரி மெல்லிய ஒரு குழாய் வழியாகப் போய், ப்ராசஸரின் தலையில் உட்கார்ந்திருக்கும் செம்புக் கட்டிக்குள் பாயும். அங்கே அது கொதித்து மறுபடியும் வாயுவாகும்போது சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். கட்டி மைனஸ் நாற்பது டிகிரிக்கு இறங்கும். கடையில் மீன் உறைவதற்குப் பதில் இங்கே ரைமோவின் பைத்தியம் உறைகிறது என்பாள் ஹெல்யா. ஆனால் மீனுக்குப் போட்ட மூட்டுகளைவிட இதற்குப் போட்ட மூட்டுகள் அழகாக வந்திருந்தன. அதையும் அவள் கவனித்தாள்.

முதல் நாள் ஓடவிட்டபோது ரைமோ திரையில் வெப்ப எண் இறங்குவதைப் பார்த்துக் குழந்தை மாதிரி கைகொட்டினான். கம்ப்ரஸர் லாரி மாதிரி உறுமியது. இரண்டு வாரம் வரவேற்பறை மூலையில் வைத்து அதை விரட்டு விரட்டென்று விரட்டினான், ஒரு தடவைகூட அது மயங்கவில்லை. அவனைப் போன்ற கிறுக்கர்கள் கூடிப் பேசுகிற இணையப் பலகை ஒன்று உண்டு. அதில் தான் எட்டிய வேகத்தின் எண்ணைப் போடுவதற்கு முன்னால் மூட்டுகளைப் படம் பிடித்துப் போட்டான். 'என் மனைவி ஒட்டியது' என்று கீழே எழுதினான்.

அதைப் பார்த்துத்தான் தொர்ஸ்தி எழுதினான். பக்கத்து ஊரான கங்கசலாவில் பட்டறை வைத்திருக்கிறவன். இதே மாதிரி குளிர்விப்பான்களைச் செய்து நாடெங்கும் அனுப்புவதுதான் அவன் பிழைப்பு. 'மூட்டுகள் நன்றாக இருக்கின்றன. சனிக்கிழமை வருகிறேன். கம்ப்யூட்டரை உச்ச வேகத்தில் விரட்டிப் பார்க்கிற முழுச் சோதனையும் என் கண் முன்னால் ஓடி முடிந்தால், பட்டறையில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது.' அவ்வளவுதான் கடிதம். ஹெல்யா அதை ரைமோவின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு போய், பாத்திரம் எல்லாம் கழுவியிருந்தும், இன்னொரு முறை கழுவினாள். அவளுக்கு அந்த இடம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், அதைப் பற்றிப் பேசவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டைத் துடைத்துப் பெருக்கினாள். விருந்தாளி வருகிறபோது வரவேற்பறையில் இந்த உறுமல் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

"இத சவுனா பக்கம் கொண்டு போய் வச்சா என்ன? துணி மாத்துற ரூம்ல இடம் கெடக்கு. ப்ளக்கும் இருக்கு."

"அட, நல்ல யோசனை! குளிச்சிட்டு வந்து உக்காந்து பாக்கலாம்ல," என்றான் ரைமோ.

ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போய், துண்டு மாட்டுகிற கொக்கிகளுக்குக் கீழே, மரப்பெஞ்சின் மேல் வைத்தார்கள். இரண்டு பேருக்கும் திருப்தி. படித்துக்கொண்டு வருகிறவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருக்கலாம். அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஊரில் சனிக்கிழமை சவுனாவை, சுட்ட கற்களில் தண்ணீர் ஊற்றி எழும் ஆவியில் வேர்த்துக் குளிப்பதை, யாரும் யோசித்துச் செய்வதில்லை. மூச்சு விடுவதற்கு முன் யாராவது யோசிக்கிறார்களா?

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சாயங்காலம் எட்டிப் பார்க்கிற நேரத்துக்குத் தொர்ஸ்தி வந்தான். வாசல் நிலை இடிக்கிற உயரம். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றான். ஒரு காபிப் பொட்டலத்தை ஹெல்யாவிடம் நீட்டினான்.

"வாங்க. வழியெல்லாம் வழுக்கலா?"

"இல்ல."

அதோடு பேச்சு முடிந்தது. நேராக எந்திரத்திடம் போனான். முட்டி போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து டார்ச்சை எடுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தான். ஹெல்யா கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசி மூட்டைப் பார்த்துவிட்டுத் தொர்ஸ்தி, "ம்," என்றான். ரைமோ அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். இப்படிப்பட்டவர்கள் "ம்" என்றால் மற்றவர்கள் மாலை போட்டதற்குச் சமம்.

சோதனையை ஓடவிட்டார்கள். எண் சரசரவென்று இறங்கி, மைனஸ் நாற்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"ஓடட்டும். எப்படியும் ரொம்ப நேரம் ஆகும். அதுக்குள்ள ஒரு குளியல் போட்டுடலாமா தொர்ஸ்தி?" என்று ரைமோ கேட்டான்.

"சனிக்கிழமையாச்சே," என்றான் தொர்ஸ்தி, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி.

ஹெல்யா சமையலறைக்கு வந்தாள். வாணலியில் தொத்திறைச்சியைப் போட்டாள், கடுகுச் சாந்தை எடுத்து வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸரின் உறுமல் சீராகக் கேட்டது. அதற்கும் அப்பால், சூடான கற்களில் தண்ணீர் விழும் 'ஸ்ஸ்ஸ்' சத்தம். ஆண்கள் இருவரும் உள்ளேயும் வெளியேயுமாகப் போய்வந்தார்கள். கதவு திறந்து மூடியது, பீர் பாட்டில் திறந்தது, மறுபடியும் கதவு, மறுபடியும் 'ஸ்ஸ்ஸ்'. நல்ல சத்தங்கள். திங்கட்கிழமை காலையில் எந்தப் பேருந்தைப் பிடித்தால் கங்கசலாவுக்கு நேரத்துக்குப் போகலாம் என்று அவள் மனசு தானாகக் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

"ஹெல்யா!"

அவள் ஓடினாள். துண்டு கட்டிய இரண்டு ஆண்கள், உடம்பெல்லாம் செக்கச் செவேலென்று, ஆவி பறக்க நின்றிருந்தார்கள். நடுவில் திரை கறுத்துக் கிடந்தது. கம்ப்ரஸர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

"நாங்க எதையும் தொடல. சத்தியமா தொடல," என்றான் ரைமோ.

ஹெல்யா குனிந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சுவர்க் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. சுவர்ப் பலகையில் ஈரம். செம்புக் கட்டியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்திருந்தது. ப்ராசஸரைத் தாங்கும் மதர்போர்டின் முதுகுப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். சொட்டச் சொட்டத் தண்ணீர். கம்ப்ரஸரை அணைத்தாள்.

குளிர்ந்த பொருள் ஈரக் காற்றில் வியர்க்கும். குழந்தைக்கும் தெரிந்தது. தொழிற்சாலையில் இதற்கென்றே குழாய்களுக்கு நுரைப் பஞ்சு சுற்றுகிற ஆட்கள் கூடத்தின் மறுகோடியில் இருந்தார்கள். அவள் மூட்டு போட்டுத் தள்ளிவிடுவாள், அவர்கள் சுற்றுவார்கள். இங்கே குழாய்க்கு மட்டும் நுரை சுற்றிவிட்டு போர்டின் முதுகை அப்படியே விட்டிருந்தாள். பிப்ரவரி மாதம் வீட்டுக் காற்று எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். வரவேற்பறையில் ஒரு துளி வியர்க்கவில்லை. பிறகு அதே எந்திரத்தைத் தன் கையால் தூக்கி வந்து சவுனா வாசலில் வைத்திருக்கிறாள்.

"நான்தான். நான்தான் இங்க வைக்கச் சொன்னேன்," என்றாள்.

"நானும்தான தூக்கிட்டு வந்தேன்," என்றான் ரைமோ.

"தண்ணி ஊத்துனது நானு," என்றான் தொர்ஸ்தி.

அவர்கள் நல்ல மனசோடு சொன்னார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. ஹெல்யா சமையலறைக்குப் போய், கருகிக்கொண்டிருந்த தொத்திறைச்சியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். அவமானமாக இருந்தது. இத்தனை வருடம் குளிரோடு குப்பை கொட்டியவள், ஒரு அந்நிய ஆள் முன்னால், அதுவும் வேலை கொடுக்க வந்தவன் முன்னால், எந்திரத்தைத் தண்ணீரில் மூழ்கடித்திருக்கிறாள்.

ரைமோ துண்டைப் பிடித்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அவர உடுத்திட்டுக் கிளம்பச் சொல்லு. என்னால அவர் மூஞ்சியப் பாக்க முடியாது," என்றாள்.

"சரி."

"உன் மெஷினும் போச்சு."

"போனாப் போகுது, கழுத. அது வெறும் போர்டு." அவன் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டினான், விரித்தான். "ஆனா நீ மறுபடியும் அந்த சோஃபாவுல போய் உக்காந்துடாத ஹெல்யா. அத மட்டும் என்னால பாத்துட்டிருக்க முடியல."

அவன் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவள் பதில் சொல்வதற்குள் தொர்ஸ்தி உள்ளே வந்தான். கிளம்புவதற்கு உடுத்தியிருக்கவில்லை. அதே துண்டு, தலையில் ஈரம். யாரையும் கேட்காமல் கருகின தொத்திறைச்சி ஒன்றை எடுத்துக் கடுகுச் சாந்தில் தோய்த்தான். பாதி கடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"திங்கட்கிழமை," என்றான்.

"என்ன திங்கட்கிழமை?" ரைமோ கேட்டான்.

"புகாரெல்லாம் எனக்குத் திங்கட்கிழமைதான் வருது. 'தொர்ஸ்தி, உன் மெஷின் என் போர்ட சாகடிச்சிருச்சு.' வாரத்துல வேற எந்த நாளும் வராது. சனிக்கிழமை தண்ணியப் போட்டுட்டுத் தலகீழா விரட்டியிருப்பானுங்கன்னு நெனச்சேன். 'குடிச்சா கைய வச்சுக்கிட்டு சும்மா இரு'ன்னு ஒருத்தனுக்கு எழுதியே போட்டுட்டேன்."

"ஏன், அவன் குடிக்க மாட்டானா?"

"பாதிரியாராம்."

ரைமோவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். ஹெல்யா தலையை நிமிர்த்தினாள்.

"உங்க பட்டறையில சவுனா இருக்கா?"

"பட்டறையில எதுக்கு சவுனா?"

கேட்டுவிட்டுத் தானே வாயை மூடிக்கொண்டான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை வீடுகளில், எத்தனை சனிக்கிழமைகளில், இதே 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தோடு எத்தனை திரைகள் கறுத்திருக்கும்! இவன் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து குடிகாரர்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஹெல்யா எழுந்தாள்.

"அந்தப் போர்டக் காய வைக்கணும். உள்ள இனிமே ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது, கேட்டுச்சா? அடுப்பக் கொறச்சிட்டு, காத்து வர்ற வழியத் தொறந்து விடுங்க."

எல்லாவற்றையும் கழற்றினாள். துணியால் ஒற்றி எடுத்த போர்டை சவுனாவின் கீழ்ப் பெஞ்சில், ஒரு சுத்தமான துண்டின் மேல் படுக்க வைத்தாள். தண்ணீர் ஊற்றாத சவுனாவைப் போல ஈரத்தை உறிஞ்சுகிற இடம் வேறெங்கும் கிடைக்காது. விருந்தாளிக்கென்று சூடாக்கிய இடத்தில் இப்போது ரைமோவின் போர்டு ஒய்யாரமாகப் படுத்துச் சூடு காய்ந்தது. ஆண்கள் இருவரும் உடுத்திக்கொண்டு சமையலறையில் கருகல் தொத்திறைச்சியைத் தீர்த்தார்கள்.

"வேற எதாவது செய்யணுமா?" என்று ரைமோ எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"காட்டுல படுக்குறதுக்கு வச்சிருக்கமே, அந்த நுரப் பாய் எங்க?"

"அத வெட்டப் போறியா? போன கோடையிலதான வாங்குனோம்!"

"நீ கட்டில்லயே படு."

போர்டு உள்ளங்கையில் வெதுவெதுவென்று காய்ந்து வந்தது. ப்ராசஸர் உட்காருகிற குழிக்குள்ளும் சுற்றிலும், குதிகால் வெடிப்புக்கு வைத்திருந்த வாஸ்லினை விரலால் அப்பி நிரப்பினாள். ஈரக் காற்று நுழைய ஓர் ஊசி முனை இடம்கூட விடவில்லை. நுரைப் பாயை வெட்டி, போர்டின் முதுகுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, கட்டியைச் சுற்றி ஒன்று என்று நெருக்கிக் கட்டினாள். தொர்ஸ்தி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தான். அவள் கை போகிற பக்கமெல்லாம் வெளிச்சமும் போயிற்று.

சுவிட்சைப் போட்டார்கள். உறுமல் எழுந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. ரைமோ வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். சாமி கும்பிடுகிற ஆளும் இல்லை அவன். பிறகு ஒரு பீப் சத்தம். வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்தன. எண் இறங்கியது, இறங்கியது, நின்றது.

"பொழச்சிருச்சு!" ரைமோ தொர்ஸ்தியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

சோதனை ஓட ஆரம்பித்தது. தொர்ஸ்தி பெருமூச்சு விட்டு, பெஞ்சில் சாய்ந்தான்.

"போதும். நான் பாக்க வேண்டியதப் பாத்துட்டேன்," என்றான்.

"இன்னும் பாக்கல," என்றாள் ஹெல்யா.

போய் சவுனா அடுப்பைக் கூட்டினாள். கற்கள் முழுச் சூட்டுக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு சவுனாவின் கதவை அகலத் திறந்து, தானாக மூடிக்கொள்ளாமல் அடியில் ஒரு செருப்பைச் செருகினாள். மரவாளியில் தண்ணீர் நிரப்பித் தொர்ஸ்தியிடம் நீட்டினாள்.

"ஊத்துங்க."

"ஹெல்யா, இப்பதான் பொழச்சிருக்கு," என்றான் ரைமோ.

"இங்க சாகுறதுன்னா சாகட்டும். ஊரான் வீட்டுல சாகக் கூடாது."

தொர்ஸ்தி அவளைப் பார்த்தான். ரைமோவைப் பார்த்தான். ரைமோ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். அது அவன் எந்திரம், பல வருட ஆசை, ஆனாலும் ஆட்டினான். தொர்ஸ்தி உள்ளே போய், அகப்பையைத் தொடாமல், வாளியையே சாய்த்தான்.

கற்கள் சீறின. வெள்ளை ஆவி கதவு வழியாகப் புரண்டு வந்து மூவரையும், எந்திரத்தையும், கொக்கியில் தொங்கிய துண்டுகளையும் மூடியது. கண்ணாடி மறைந்தது. திரையின் மேல் ஈரம் படிய, ஹெல்யா அதைப் புறங்கையால் துடைத்தாள். மைனஸ் நாற்பது. ஆவி அவள் ஸ்வெட்டருக்குள் இறங்கியது, முடி நெற்றியில் ஒட்டியது. மறுபடியும் துடைத்தாள். மைனஸ் நாற்பது. நுரைக்கு வெளியே ஒரு பொட்டு உறைபனி இல்லை. சோதனை முடிந்ததற்கான பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து, திரையின் மறுகோடியைத் தொட்டது.

ரைமோ முகத்தைத் துடைத்துக்கொண்டான், நிறைய ஈரம் இருந்ததால் எதைத் துடைத்தான் என்று தெரியவில்லை.

"திங்கட்கிழமை காலையில வந்துடுறீங்களா?" ஆவிக்குள்ளிருந்து தொர்ஸ்தியின் குரல் கேட்டது. "திரும்பி வந்த மெஷின்லாம் ஒரு மூலை முழுக்கக் குவிஞ்சு கெடக்கு. எல்லாத்தையும் பிரிக்கணும். ஹெல்யா, கேக்குதா? வேலை உங்களுக்குத்தான்."

அவளுக்குக் கேட்டது. அழலாமா சிரிக்கலாமா என்று இருந்தது. ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், சோதனையை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"வர்றேன்," என்றாள். "இன்னொரு வாளி ஊத்துங்க."